ஆயாவின் விடுமுறை

"இவளுக்கு என்ன குறை? நாங்கள் போகும் இடமெல்லாம் இவளையுந்தானே அழைத்துச் செல்கிறோம்!" குழந்தையைப் பார்க்க ஆயா வைத்திருக்கும் வீடுகளில் இவ்வாசகத்தைக் கேளாதவர் அரியர். நேயர்களே, அதைச் சொன்னவர்களுள் நானும் ஒருவன். சொன்னது பிழையென்று உணர எனக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. அந்த ஓராண்டின் கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதம். கொழும்பிலே வெயில் தாங்க முடியவில்லை. நுவரெலியாவில் ஒரு வாரம் தங்கி வருவதெனத் தீர்மானித்தோம். எங்கள் மகனுக்கு அப்பொழுது ஒன்றரை வயது. அவனைப் பார்த்துக்கொண்டவள், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த இருபத்துநான்கு வயதுப் பெண். எங்களிடம் வந்து பத்து மாதமாகியும் அவள் ஒருமுறையேனும் ஊருக்குப் போனதில்லை.

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை செல்லும் காலைப் புகையிரதத்திற் புறப்பட்டோம். ஹற்றனும் கொட்டகலையும் கழிந்தபின், அவள் குழந்தையை இடுப்பில் வைத்தபடி எழுந்து யன்னலோரம் போய் நின்றாள். தலவாக்கலையில் வண்டி நின்றது. மேடையிலே அவளுடைய தாய் ஒரு துணிமுடிச்சுடன் காத்து நின்றாள். எப்படியோ சொல்லியனுப்பியிருக்கிறாள், எங்களுக்கு அது தெரியாது. முடிச்சு யன்னல் வழியாக உள்ளே வந்தது. தாய் மகளின் கையைப் பற்றி, "இளைச்சிட்டியே கண்ணு" என்றாள். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. "பார்த்தாயா, தாயையும் கண்டுவிட்டாள், இவளுக்கு இரட்டை விடுமுறை!" என்று நான் மனைவியிடம் வேடிக்கையாகச் சொன்னேன். யன்னலோரம் நின்றவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நுவரெலியாவிலே நாங்கள் ஏரிக்கரையில் உலாவினோம். காலையில் நேரஞ்சென்று எழுந்தோம். குழந்தைக்கோ புது இடமும் குளிரும் ஒத்துக்கொள்ளவில்லை. இரவில் மூன்று தரம், நான்கு தரம் விழித்து அழுதான். அவனைத் தோளிற் போட்டு நடந்தவள் அவள்தான். விறைக்கும் நீரிலே அவனுடைய துணிகளைத் தோய்த்தவளும் அவள்தான். கொழும்பிலாவது மாலையில் நாங்கள் வீடு திரும்பியபின் அவளுக்குச் சிறிது ஓய்வுண்டு. அங்கே அதுவும் இல்லாமற் போயிற்று.

ஐப்பசியில் தீபாவளி வந்தது. ஒரு கிழமை லீவு கேட்டாள். "சித்திரையில்தானே நுவரெலியாவுக்குப் போய் வந்தாய்?" என்றாள் என் மனைவி. நானும் தலையசைத்தேன். நீண்ட பேச்சின் பின் நான்கு நாள் கொடுத்தோம். அவள் பதினோராம் நாள் வந்தாள்.

இடைப்பட்ட ஏழு நாளும் நாங்கள் பட்ட பாட்டை மறைப்பதற்கில்லை. என் மனைவி ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். எஞ்சியிருந்த லீவெல்லாம் அந்த வாரத்திலே தீர்ந்தது. மேலதிகாரியிடம் கேட்கக் கூடாத பேச்சும் கேட்டாள். ஆயாவை நம்பி வேலைக்குப் போகும் தாய்க்கு, அவள் சொல்லாமல் வராத ஒவ்வொரு நாளும் தன் வேலையே ஆட்டங்காணும் நாளாகும். ஆயாமாருக்காகப் பரிந்து பேசுவோர் இதனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். எசமானி என்றதும் ஈரமற்ற ஒருத்தியையே அவர்கள் மனக்கண்ணிற் காண்கின்றனர். என் மனைவியின் கோபம் களைப்பினாலும் பயத்தினாலும் வந்தது.

வந்தவளை ஏன் பிந்தினாய் என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வேலையில் ஒரு குறையுமில்லை. பேச்சு மாத்திரம் நின்றுபோயிற்று. குழந்தையை உறங்கவைக்கையில் பாடுவாள், அதுவும் நின்றது. அவன் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பான்.

மார்கழியில் ஒரு மாலை, என் மனைவி அடுத்த ஆண்டுக்கான தன் லீவுக் கணக்கைப் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தாள். கடைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிவோருக்கு நம் நாட்டிலே 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுண்டு. ஓராண்டு வேலை செய்தவருக்கு அது 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் சமயோசித லீவும் தருகிறது. எழுதிக்கொண்டிருந்தவள் திடீரென நிமிர்ந்து, "எனக்கு இருபத்தொரு நாள். இவளுக்கு எத்தனை நாளென்று நாம் எப்பொழுதாவது சொன்னோமா?" என்று கேட்டாள்.

சொல்லவில்லை. சம்பளம் பேசினோம், சாப்பாடு, உடுபுடவை பேசினோம், லீவைப் பேசவேயில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் அவள் இரக்க வேண்டியிருந்தது. நாங்கள் ஈய வேண்டியிருந்தது. அடுத்தது எப்பொழுது கிடைக்குமோ என்றறியாதவர், கிடைத்ததை நீட்டிக்கொள்ளாமல் வேறென்ன செய்வர்? நான்கு நாள் பதினொன்றான கணக்கு அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அந்த 1954ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. ஆனால் உலகில் இதைப்பற்றி எவரும் எண்ணவில்லையென்று கூறிவிட முடியாது. சர்வதேசத் தொழில் தாபனம் 2011ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் பற்றிய 189ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. வாரந்தோறும் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு வேண்டுமென்கிறது அது. அதன் ஒன்பதாம் உறுப்புரையைப் படித்தபொழுது, எங்கள் நுவரெலியாப் பயணத்தைக் கண்டவர் எவரோ எழுதியதுபோல் எனக்குத் தோன்றிற்று. வீட்டோடு தங்கும் பணியாளர், தம் ஓய்வு வேளையிலும் வருடாந்த விடுமுறையிலும் அவ்வீட்டிலோ வீட்டாருடனோ இருக்கக் கடமைப்பட்டவரல்லர் என்பது அதன் பொருள்.

ஹொங்கொங்கிலே ஓராண்டு பணி முடித்த வீட்டுப் பணியாளருக்குச் சம்பளத்துடன் 7 நாள் விடுமுறை. ஆண்டுகள் ஏற ஏற அது 14 நாள்வரை செல்லும். பிலிப்பைன்ஸ் நாடு 2013இல் இயற்றிய சட்டம் 5 நாள் தருகிறது. குவைத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டமோ 30 நாள் தருகிறது. குவைத்தைச் சொல்லக் காரணமுண்டு: பிறர் குழந்தையை வளர்க்க அங்கே போயிருக்கும் தாய்மாருள் நம் நாட்டவரும் பலர். சட்டத்திலுள்ளது எல்லா வீட்டிலும் நடக்கிறதென்று நான் சொல்ல வரவில்லை. எனினும் கேட்பதற்கு அங்கே ஓர் எண் இருக்கிறது. என் வீட்டில் அதுவுமில்லை.

மறுநாளே அவளை உட்காரவைத்துப் பேசினோம். உட்காரச் சொன்னதே அவளுக்குப் பயமாயிருந்தது. வேலையால் நிறுத்தப் போகிறோமென்று நினைத்தாள். ஆண்டுக்குப் பதினான்கு நாள், சம்பளத்துடன். தீபாவளி வாரம் அவளுடையது. அவ்வாரம் யாழ்ப்பாணத்திலிருந்து என் மாமியார் வந்து குழந்தையைப் பார்ப்பார். மற்ற ஏழு நாளும் நாங்கள் வெளியூர் போகும்பொழுது. அந்நாட்களில் எங்களுடன் வருவாளாயின், அது வேலை நாளாகவே கணக்கிடப்படும். விடுமுறை அப்படியே இருக்கும். பிந்த நேர்ந்தால் முதல் நாளே தெரிவிக்க வேண்டும். இவற்றை நாட்காட்டியிற் குறித்துச் சமையலறைச் சுவரில் மாட்டினோம்.

தீபாவளிக்கு ஏன் பிந்தினாய் என்று அப்பொழுதுதான் முதன்முதலாகக் கேட்டோம். சிறிது தயங்கி, "மூணு நாளும் தூங்கிட்டேன் அம்மா. அதுக்கப்புறந்தான் தீபாவளின்னே தெரிஞ்சிச்சு" என்றாள். என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த சித்திரையில் மீண்டும் அதே வண்டி. தலவாக்கலையில் அவள் பையுடன் இறங்கினாள். குழந்தை வட்டகொடையிலும் அழுதான். கிரேட் வெஸ்டர்னிலும் அழுதான். நானுஓயாவில் நாங்கள் இறங்கும்வரை ஓயவில்லை. அவ்வாரம் இரவுகளில் அவனைத் தோளிற் போட்டு நடந்தவன் நான். துணி தோய்த்ததும் நானே. அந்நீரின் குளிரைப்பற்றி நான் முன்னர் சொன்னது அந்த அநுபவத்தால் வந்தது. மனைவியும் நானும் முறைவைத்துத் தூங்கினோம். ஏரிக்கரைக்கு ஒரே ஒரு நாள்தான் போனோம்.

திரும்பும் வழியில் தலவாக்கலையில் அவள் ஏறினாள். குழந்தை தாவிப் போனான். அவனை வாங்கிக்கொண்டு என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஐயா, இளைச்சிட்டீங்களே!" என்றாள்.