பெரிய கறியும் சின்னத் தீயும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், சத்துணவு பற்றிய பகுதியில் களப்பணியாளர்கள் சார்பில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு சேமிப்பு, உள்கடன், தணிக்கை எதுவும் பேசப் போவதில்லை. சமையல் பேசப் போகிறோம். அதுவும் மாட்டுக்கறிச் சமையல். இதோ, சொன்னவுடனே சிலர் சிரிக்கிறீங்க, சிலர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவங்க முகத்தைப் பார்க்கிறீங்க. பீஃப்னு சொல்றோம், பெரிய கறின்னு சொல்றோம். மாட்டுக்கறின்னு நேராகச் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. பெயர் சொல்லத் தயங்குகிற பொருளை நன்றாகச் சமைப்பது எப்படி என்றும் யாரும் பேசுவதில்லை. அதனால் நஷ்டம் நமக்குத்தான்.

முதலில் ஒரு கணக்கு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. இருபது பேர் உள்ள ஒரு குழுவை எடுத்துக்கொண்டால் பத்துப் பேருக்கு மேல். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் என்று நம் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறிப் போகிறார்கள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. இரத்தம் இல்லாத உடம்பு எத்தனை நாள் தாங்கும்?

கீரை நல்லதுதான், சாப்பிடுங்க. ஆனால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தில் கொஞ்சத்தைத்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும். கறியில் உள்ள இரும்புச்சத்து அதைவிட நன்றாக உடம்பில் சேரும். 100 கிராம் மாட்டுக்கறியில் சுமார் 20 கிராம் புரதமும், 2 முதல் 3 மில்லிகிராம் வரை இரும்புச்சத்தும் இருக்கிறது. விலையோ ஆட்டுக்கறி விலையில் பாதிகூட வராது. இருந்தும் பல சத்துணவு வகுப்புகளில் ஆட்டு ஈரல், பேரீச்சம்பழம் என்று பட்டியல் போடுவார்கள். நம் கைக்கு எட்டுகிற கறியின் பெயர் மட்டும் அதில் வராது.

சாப்பிடாத சகோதரிகளும் நம் குழுக்களில் இருக்கிறார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். அவரவர் அடுப்பு அவரவருக்கு. சாப்பிடுகிறவர் வெட்கப்பட வேண்டாம் என்பதுதான் நாங்கள் சொல்வது.

"மேடம், அந்தக் கறி வேகவே மாட்டேங்குது, ரப்பர் மாதிரி இருக்குது" என்று பலர் சொல்கிறீர்கள். அதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் 1958-ல் வந்தது. பத்து வயதுக்கு மேற்பட்ட, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாடுகளைச் சான்று பெற்று வெட்டலாம் என்கிறது அந்தச் சட்டம். பசுவதைக்கு 1976-ல் அரசாணை மூலம் தடை வந்தது. ஆனால் முறையாக விற்கும் கறியை வாங்கிச் சமைத்துச் சாப்பிடுவதை இங்கே எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆக, நமக்குக் கிடைப்பது ஏர் இழுத்து, வண்டி இழுத்து உழைத்த மாட்டின் கறி. அதில் நரம்பும் சவ்வும் கூடுதல். பெருந்தீயில் கொதிக்க விட்டால் சதை இறுகிக்கொள்ளும். சின்னத் தீயில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் சவ்வு மெல்லக் கரைந்து பிசினாகிவிடும். குழம்பு கெட்டியாவதும், கறி நாக்கில் கரைவதும் அதனால்தான். கறி மேல் குற்றமில்லை, நாம் காட்டுகிற அவசரத்தில்தான் குற்றம்.

இப்போது செய்முறையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தேவையானவை: கால் சதை, கழுத்து அல்லது நெஞ்சுப் பகுதிக் கறி 1 கிலோ. சின்ன வெங்காயம் கால் கிலோ, தக்காளி 2, இஞ்சி பூண்டு விழுது 2 மேசைக்கரண்டி. நீட்டு மிளகாய் 10, குண்டு மிளகாய் 5. தனியா 3 தேக்கரண்டி, மிளகு, சீரகம், சோம்பு தலா 1 தேக்கரண்டி, பட்டை, கிராம்பு கொஞ்சம். காராமணி 150 கிராம். கடலை எண்ணெய், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு.

முதல் நாள் இரவே காராமணியை ஊறப் போடுங்க. மறுநாள் கறியைக் கொஞ்சம் பெரிய துண்டுகளாக வெட்டி, மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு தடவி ஒரு மணி நேரம் வையுங்க. மிளகாயை வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, வறுத்த தனியா, மிளகு, சீரகம், சோம்பு, பட்டை, கிராம்போடு மைய அரைத்துக்கொள்ளுங்க. அடிகனமான சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் கறியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சிவக்க வறுத்து எடுங்க. மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டுக்கொள்ளும், வறுபடாது. அதே சட்டியில் வெங்காயம், கறிவேப்பிலை, தக்காளி, அரைத்த விழுது என வரிசையாகப் போட்டு எண்ணெய் பிரியும்வரை வதக்குங்க. கறியைச் சேர்த்து, அது மூழ்குகிற அளவு வெந்நீர் ஊற்றி, ஒரு கொதி வந்ததும் தீயை நன்றாகக் குறைத்து மூடிவிடுங்க. மேலே ஒன்றிரண்டு குமிழி வந்தால் போதும், தளதளவென்று கொதிக்கக் கூடாது. அரை மணிக்கு ஒரு தரம் கிளறி, தண்ணீர் வற்றினால் வெந்நீர் சேருங்க. இரண்டரை மணி ஆனதும் தனியாக வேகவைத்த காராமணியைச் சேர்த்து இன்னும் அரை மணி. கடைசியில் மூடியைத் திறந்து சுண்டவிடுங்க.

"மூணு மணி நேரம் கேஸ் எரிக்க எங்கே போறது?" நியாயமான கேள்வி. விறகடுப்பு உள்ளவங்க கங்கில் வைக்கலாம். கேஸ் மட்டும் உள்ளவங்க, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து குக்கரில் அரை மணி முதல் முக்கால் மணி வரை வைத்து, பிறகு சட்டிக்கு மாற்றிக் காராமணியோடு அரை மணி சுண்டவிடலாம். குக்கரில் சூடு அதிகம் என்பதால் சவ்வு சீக்கிரம் கரைகிறது. சுண்டவிடும் அந்த அரை மணியை மட்டும் விட்டுவிடாதீங்க, அதில்தான் காரம் கறிக்குள் இறங்கும்.

காராமணி எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு கிலோ கறி பத்துப் பேருக்கு வர வேண்டும் என்றால் பயறு வேண்டும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் மாட்டுக்கறியையும் காய்ந்த மிளகாயையும் மணிக்கணக்கில் வேகவைத்து 'சில்லி' என்று ஒரு பண்டம் செய்வார்கள். பல ஊர்களில் அதில் பயறும் சேர்ப்பார்கள். அந்த மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் 1880-களிலிருந்து ஏழைப் பெண்கள் இரவுச் சந்தையில் அதை விற்றுப் பிழைத்தார்கள். 'சில்லி ராணிகள்' என்று அவர்களுக்குப் பெயர். பிறகு சுகாதார விதிகளைக் காட்டி அந்தக் கடைகளை மூடிவிட்டார்கள். மிளகாயே அந்த அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக நமக்கு வந்ததுதான்.

அந்தப் பெண்கள் கதை நமக்கும் பாடம். சுத்தம் என்ற பெயரில் நம்மை யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்றால், சுத்தத்தில் நாம் ஒரு படி மேலே இருக்க வேண்டும். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துச் செல்போன் தொழிற்சாலைப் பெண்கள், விடுதிச் சாப்பாட்டால் உடல்நலம் கெட்டு, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடினதை நாம் மறக்க முடியாது. சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீங்க. அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்க. ஃபிரிட்ஜ் இல்லையென்றால் அன்றைக்கே முடியுங்க. மறுபடி சூடாக்கும்போது நன்றாகக் கொதிக்க வேண்டும்.

அளவும் முக்கியம். சிவப்பு இறைச்சி அதிகமானால் குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். வாரம் ஒரு நாள், இரண்டு நாள் போதும். கூடவே எலுமிச்சை, வெங்காயம். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். இரத்தசோகை உள்ளவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. கறி அதற்கு மாற்று இல்லை, துணை.

இன்னொரு விஷயம். 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது மாட்டுக்கறி பிரியாணிக்கு இடம் இல்லை என்றார்கள். எதிர்ப்பு வந்தது. மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையமும் விளக்கம் கேட்டது. விழா தள்ளிப்போனது. 2024 டிசம்பரில் சென்னை மெரினாவில் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்களின் உணவுத் திருவிழா நடந்தபோதும், மாட்டுக்கறி எங்கே என்ற கேள்வி எழுந்தது. நம் சமையலுக்கு ஒரு மேசை கேட்பது சலுகை அல்ல. கேட்டால்தான் கிடைக்கும். நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர் தைரியமாகக் கேட்கலாம்.

கடைசியாக, இதுதான் முக்கியம். மூன்று மணி நேரம் அடுப்படியில் நின்று கறி சமைப்பது நாம். வீட்டுக்காரருக்கு நாலு துண்டு, மகனுக்கு நாலு துண்டு, ஷிப்ட் முடிந்து வருகிற மகளுக்கு ரெண்டு துண்டு. நமக்குச் சட்டியில் ஒட்டின மசாலாவில் போட்டுப் பிசைந்த சோறு. இரத்தம் யாருக்குக் குறைவாக இருக்கிறதோ அவர் தட்டில் கறியே விழுவதில்லை. அதனால் பரிமாறுவதற்கு முன்னாலேயே உங்களுக்கும் மகளுக்கும் சரிபங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். சந்தாவை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தானே வீட்டுச் செலவு பார்க்கிறோம்? அதே பழக்கம்தான் இதுவும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, யார் யார் தங்கள் பங்கை எடுத்து வைத்தீர்கள் என்று கேட்போம். கை தூக்க வேண்டும்.