நியூயோர்க் வரும் அக்காமாருக்கு
(ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



அடுத்த ஒன்றுகூடலை நியூயோர்க்கில் வைப்பதென்று தீர்மானித்த நாளிலிருந்து எனக்கு ஓயாமல் தொலைபேசி அழைப்புகள். அங்கே இரண்டு தடவை போய் வந்தவள் என்பதால்தான். ஆனாலும் வைத்தியராகவே தொடங்குகிறேன்.

முதல் தடவை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். டிசெம்பர் மாதம். அம்மாவுக்கு முட்டு வருத்தம். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு இரவோடிரவாக நடந்தபோது அடையாள அட்டை, என் தேர்ச்சி அறிக்கை, மருந்து எல்லாவற்றையும் ஒரு சின்னப் பையில் போட்டு, தோளிலிருந்து இறக்காமல் வந்தவர். அதே அம்மா, விமானப் பயணம்தானே என்று இன்ஹேலரைப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டார். நானும் கேட்கவில்லை. பெட்டி மூன்று நாள் பிந்தித்தான் வந்தது. இரண்டாம் நாள் குளிரில் நடந்து வந்ததும் அம்மாவுக்கு இழுக்கத் தொடங்கிவிட்டது. நாங்கள் சல்பியூட்டமோல் என்பதை அங்கே அல்பியூட்டரோல் என்கிறார்கள். அந்த நாட்டு வைத்தியர் எழுதித் தராமல் பாமசியில் கொடுக்கமாட்டார்கள். என்னுடைய பட்டம் அங்கே செல்லாது. ஒரு வைத்தியரைத் தேடிப்பிடிக்கும்வரை அம்மாவின் மூச்சை எண்ணிக்கொண்டு, 911 ஐ அழுத்தத் தயாராகத் தொலைபேசியைக் கையில் வைத்திருந்தேன்.

ஆகவே மருந்து கைப்பையில். பயண நாட்களைவிட இரண்டு கிழமைக்கு மேலதிகமாக, வாங்கிய பெட்டியோடு. மருந்தின் வர்த்தகப் பெயரையல்ல, உட்பெயரை உங்கள் வைத்தியரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். பனடோல் என்று கேட்டால் அங்கே விளங்காது, டைலனோல் என்று கேளுங்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது பிரஷர், சலரோகம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஒளித்தால், தேவைப்படும் நேரத்தில் காசு தரமாட்டார்கள். விமானத்தில் இடைக்கிடை எழுந்து நடவுங்கள். மிளகாய்த்தூள் கொண்டுபோகலாம், பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் வேண்டாம், சுங்கத்தில் பறித்துவிடுவார்கள்.

இனி நகரம். கென்னடி விமான நிலையத்திலிருந்து ஏர்ட்ரெயினில் ஜமைக்கா நிலையம் வந்து, ஈ ரயில் எடுத்தால் மன்ஹற்றன். நிலக்கீழ் ரயில் 24 மணித்தியாலமும் ஓடும். வாசலில் வங்கி அட்டையைத் தட்டினால் போதும். சில நிலையங்களில் ஒரு வாசலால் இறங்கினால் ஒரு திசைக்கு மட்டுமே போகலாம். 'அப்டவுன்' என்றால் வடக்கு, 'டவுன்டவுன்' என்றால் தெற்கு. பார்த்து இறங்குங்கள். நெரிசல் நேரத்தில் ஒரு பெட்டி மட்டும் காலியாக வந்தால் ஏறாதீர்கள். ஏன் என்பதை மூக்கே சொல்லும்.

பெரும்பாலான நிலையங்களில் லிப்ட் இல்லை. முழங்கால் நோவுள்ளவர்களுக்கு பஸ்தான் நல்லது. கேட்டால் சாரதி பஸ்ஸின் முன்பக்கத்தைப் பதித்துத் தருவார். மன்ஹற்றனில் வடக்குத் தெற்காக 20 தெரு நடந்தால் ஏறக்குறைய ஒரு மைல். 'நாலு தெருதானே' என்று புதுச் சப்பாத்தோடு கிளம்பி, கொப்புளத்தோடு வராதீர்கள்.

அக்காமார் வெட்கப்பட்டுக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. கழிப்பறை. 42ஆம் தெருவில் பொது நூலகத்துக்குப் பின்னால் பிரையன்ட் பூங்காவில் இருப்பது சுத்தமானது, பூச்சாடி வேறு வைத்திருப்பார்கள். தண்ணீர் குடிக்காமல் அலைந்து சிறுநீர்க்கிருமியோடு என்னிடம் வருகிறவர்களைக் கண்டு களைத்துவிட்டேன்.

சாப்பாட்டுக் கடையில் பரிமாறுபவருக்கு நூற்றுக்கு 15 முதல் 20 வரை கூட்டிக் கொடுக்கவேண்டும். வயிறு எரியத்தான் செய்யும், ஆனால் அவர்களின் சம்பளமே அதுதான்.

சுதந்திர தேவியின் தீவில் இறங்க டிக்கெற் வேண்டும். தூரத்தில் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு ஸ்டேட்டன் ஐலண்ட் படகு இலவசம். துறைமுகத்தடியில் யாராவது அதற்கு டிக்கெற் விற்க வந்தால் வாங்காதீர்கள். 25 நிமிடப் பயணம். போகும்போது வலது பக்கம் நில்லுங்கள். மற்ற உல்லாசப் பயணிகள் அடுத்த படகிலேயே திரும்பிவிடுவார்கள். நாங்கள் திரும்பத் தேவையில்லை. அந்தத் தீவில் எங்கள் நாட்டவர் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். இறங்கிக் கொஞ்சத் தூரம் போனால் கொத்துரொட்டி கிடைக்கும்.

ஒன்றுகூடலுக்கு அடுத்த நாள் காலை பத்து மணிப் படகில் நானும் அம்மாவும் போகிறோம். இன்ஹேலர் இந்தமுறை என் தோள்பையில். எங்களோடு வருகிறவர்கள் கையை உயர்த்துங்கள், எண்ணிக்கொள்கிறேன்.