திருவீதியும் தெருவீதியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இளைஞர் சார்பிலே சில சொற்கள் பேசும்படி எமக்குக் கட்டளை. சமயம், கல்வி, மொழி என்னும் பெரும் பொருள்களைப் பற்றி இம்மேடையிலே அறிஞர்கள் பேசிவிட்டார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. அது நம் ஒவ்வொருவர் வீட்டுப் படலைக்கும் வெளியே கிடக்கின்றது. ஆம், குப்பையைப் பற்றியே பேசப் போகின்றோம்.

முதலில் எமது குற்றத்தை ஒப்புக்கொள்ளுகின்றோம். சென்ற திருவிழாவுக்கு முன்னர் நாம் கூடிக் கோயில் வீதியிலே சிரமதானம் செய்தோம். விடியற்காலை தொடங்கி வெயில் ஏறும்வரை கூட்டினோம். கூட்டிய குப்பையை எங்கே கொண்டுபோவது என்று ஒருவரும் முன்கூட்டி எண்ணவில்லை. பக்கத்திலே ஆளில்லாத வளவு ஒன்று இருந்தது. மதிலுக்கு மேலாலே எறிந்தோம். எஞ்சிய பொலித்தீனைக் கடற்கரையிலே குவித்து நெருப்பு வைத்தோம். பின்னர் வரிசையாக நின்று படமும் எடுத்துக்கொண்டோம்.

அன்று இன்னுமொன்று நடந்தது. சந்தைப் பக்கத்து வாய்க்கால் அடைத்து நாறிக் கிடந்தது. அதனருகே வந்ததும் எமது கால்கள் நின்றுவிட்டன. “அது எங்கட வேலையில்லைத் தம்பி. அதுக்கு ஆக்கள் வருவினம், விடுங்கோ” என்றார் ஒரு பெரியவர். நாமும் விட்டோம். அவர் சொன்னார் என்பதற்காக மட்டுமன்று. அச்சொல் எமக்கு வசதியாக இருந்தது, ஆகவே விட்டோம்.

அந்த “ஆக்கள்” யார்? நாம் அருவருக்கும் வேலையைச் செய்யப் பிறந்தவர்கள் என்று ஒரு கூட்டம் உலகத்திலே உண்டா? இக்கேள்வி அன்று முதல் எம்மை விடவில்லை. இன்று அதனை உங்கள் முன்னிலையிலே வைக்கின்றோம்.

சைவராகிய நமக்கு இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஏழாம் நூற்றாண்டிலே வாழ்ந்த அப்பர் சுவாமிகளின் திருவுருவத்தை நாம் நாள்தோறும் கும்பிடுகின்றோம். அவர் கையிலே இருப்பது யாது? செங்கோலன்று, ஏடுமன்று. புல் செதுக்கும் உழவாரப்படை. வேளாண் குடியிலே பிறந்தவர், பல்லவ மன்னனும் பணிந்த பெருமையுடையவர், தம் கையாலே கோயில்தோறும் புல்லைச் செதுக்கினார். திருப்புகலூரிலே அவர் பணி செய்த இடத்திற் பொன்னும் மணியும் தோன்றியபோது, அவற்றையும் பருக்கைக் கல்லோடு சேர்த்து உழவாரத்தால் ஏந்திக் குளத்திலே எறிந்தார் என்று சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். அவர்க்குப் பொன்னும் குப்பையும் ஒன்று; பணி ஒன்றே பெரிது. திருவலகிடுதலும் திருமெழுக்கிடுதலும் சரியை நெறியிலே சிவபுண்ணியங்களாக வைத்து எண்ணப்படுவதை நாம் சமய பாடத்திலே மனனம் செய்திருக்கின்றோம்.

ஆயின் ஒன்று கேட்கின்றோம். கோயிலின் திருவீதியைக் கூட்டினாற் புண்ணியம். அதே விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தெருவீதிக்கு வந்தால் இழிவா? சுவாமி எழுந்தருளும்போது மாத்திரம் வீதி புனிதமாகி, சுவாமி உள்ளே போனதும் குப்பைமேடாகி விடலாமா?

எம்மிற் பலர் மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள். அங்கே வகுப்பறையை முறை வைத்துக் கூட்டுவோம். திங்கட்கிழமை ஒருவர், செவ்வாய்க்கிழமை இன்னொருவர். எவர் வீட்டுப் பிள்ளை என்று ஆசிரியர் கேட்டதில்லை. தும்புத்தடி எல்லார் கைக்கும் ஒன்றுபோலவே வந்தது. ஆனால் மணி அடித்து வீடு திரும்பினால், படலைக்கு வெளியே கிடக்கும் வாழைப்பழத் தோலைக்கூட நாம் குனிந்து எடுப்பதில்லை. பள்ளியிலே கற்றதைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்தோம். சைவ வீட்டிலே கற்றதைக் கோயில் வாசலோடு நிறுத்திக்கொண்டோம். குறை மிஷன் பள்ளியிலும் இல்லை, சைவத்திலும் இல்லை, எம்மிடத்திலேதான்.

1901ஆம் ஆண்டிலே கல்கத்தாவிலே காங்கிரஸ் மகாசபை கூடியது. அங்கே மலகூடங்கள் அசுத்தமாகக் கிடந்ததைக் கண்ட காந்தியடிகள் தொண்டர்களிடம் சொன்னார். அது தோட்டியின் வேலை என்று தொண்டர்கள் மறுத்துவிட்டனர். அடிகள் வாதாடவில்லை, தாமே ஒரு விளக்குமாற்றைத் தேடி எடுத்துச் சுத்தம் செய்தார். அன்று அத்தொண்டர்கள் சொன்னதற்கும், வாய்க்காலருகிலே நாம் கேட்டதற்கும் எவ்வளவு வேறுபாடு? அதே காந்தியடிகள் 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே யாழ்ப்பாணம் வந்தார். அவரை வரவேற்று நின்றவர்களிலே எம்மைப் போன்ற இளைஞர் முன்னின்றனர். அந்த வாலிபர் காங்கிரசார் சாதி வேற்றுமைக்கு எதிராகத் தீர்மானங்களும் நிறைவேற்றினர். தீர்மானத்துக்கும் தும்புத்தடிக்கும் இடையே உள்ள தூரத்தை நடந்து முடிக்கும் கடமை நமக்கு எஞ்சியிருக்கின்றது.

நம் நாட்டிலேயே அந்தத் தூரத்தை நடந்தவர்கள் உண்டு. 1958ஆம் ஆண்டு டிசம்பரிலே, கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்தின அவர்கள் தம் மாணவரையும் சக ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு கனத்தொளுவ என்னும் கிராமத்துக்குச் சென்றார். அது தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்ட ரொடியர் வாழ்ந்த ஊர். நகரத்துப் பிள்ளைகள் அம்மக்களோடு தங்கி உடலுழைப்புச் செய்தனர். அங்கிருந்து வளர்ந்ததுதான் சர்வோதய சிரமதான இயக்கம். சிரமதானம் என்பது உழைப்பைத் தானமாகக் கொடுத்தல். அவ்வியக்கம் பிறந்த இடம் ஒதுக்கப்பட்டவர் முற்றம் என்பதை மறந்து, அச்சொல்லை ஒருநாட் காலைக்கும் ஒரு படத்துக்கும் உரிய சொல்லாக நாம் சுருக்கிவிட்டோம்.

ஒருநாட் பணி போதாது என்பதற்குச் சென்னை ஒரு சான்று. 1989ஆம் ஆண்டிலே வங்கி அதிகாரியான எம். பி. நிர்மல் அவர்கள் எக்ஸ்னோரா என்னும் அமைப்பை அங்கே தொடங்கினார். ஒரு தெருவார் ஒன்றுகூடுவர். மாதந்தோறும் சிறு தொகை சேர்ப்பர். ஒருவரை வேலைக்கு அமர்த்தி முச்சக்கர மிதிவண்டி ஒன்றைக் கொடுப்பர். அவர் வீடு வீடாகச் சென்று குப்பையை வாங்கிச் செல்வார். அவரைத் தோட்டி என்று அழைக்கவில்லை. தெருவை அழகுபடுத்துபவர் என்று பெயரிட்டனர். முன்னர் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர் பலர்க்கு இதனாற் கூலியும் கிடைத்தது, மதிப்பும் கிடைத்தது. ஆயினும் தெருமுனைவரை வந்த குப்பையை மாநகராட்சி உரிய வேளையில் அள்ளாத இடங்களில் அது மீண்டும் மலையாயிற்று. 2000ஆம் ஆண்டிலே நகரின் சில பகுதிகளிற் குப்பை அள்ளும் வேலை தனியார் நிறுவனம் ஒன்றிடம் போனபின், தெருச் சங்கங்கள் பல தளர்ந்தன. இதிலிருந்து நாம் கற்பவை இரண்டு: தெருவார் கூடினால் முடியும், ஆனால் குப்பை கடைசியிலே எங்கே போகும் என்பதையும் சேர்த்து எண்ணாவிட்டால் முடியாது.

“எங்கே போகும்” என்னும் கேள்வி மற்றெவரையும்விடத் தீவகத்தாராகிய நமக்கே கூரியது. ஏனையோர் குப்பையை ஊருக்கு வெளியே கொட்டுகின்றோம் என்பார்கள். கொழும்பின் குப்பையும் அப்படித்தான் மீதொட்டமுல்லையிலே மலையாகக் குவிந்தது. 2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளிலே சரிந்து, முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. ஒருவருடைய “வெளியே” இன்னொருவருடைய வீடு. நமக்கோ வெளியே என்று ஓர் இடமே இல்லை. ஊர்காவற்றுறையிலே எத்திசையில் எறிந்தாலும் ஒன்று கடல், அல்லது கிணறு, அல்லது அயலவர் வளவு.

நம் காலின் கீழே சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளால் இறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. அதுவே நாம் குடிக்கும் நன்னீர். குப்பையில் ஊறிய நீரும் அதே வெடிப்புகளாலேதான் இறங்கும். 1990ஆம் ஆண்டை ஒட்டிய இடப்பெயர்வுகளின் பின் ஆளில்லாது கிடக்கும் வளவுகளும் தூர்ந்த கிணறுகளும் நம்மிடையே பல. அவை நமக்குக் குப்பைக் கிடங்காகவும், நுளம்புக்குத் தொட்டிலாகவும் ஆகிவிட்டன. ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும். ஒரு கிழமை, பத்து நாளுக்குள் முட்டை நுளம்பாகிவிடும். காய்ந்து கிடந்தாலும் அம்முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். 2017ஆம் ஆண்டிலே இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோரை டெங்கு பீடித்தது. ஒவ்வொரு மாரியிலும் நம் வீடுகளிலே காய்ச்சல் என்றதும் தாய்மார் நடுங்குவதை நாம் அறிவோம். அன்று நாம் மதிலுக்கு மேலால் எறிந்த யோகட் கோப்பைகள் இப்பொழுதும் அந்த வளவிலேதான் மழைநீர் ஏந்திக் கிடக்கின்றன.

ஆகவே, எமது கருத்துகளைச் சபை முன் வைக்கின்றோம்.

ஒவ்வொரு வீட்டாரும் தம் படலை முன்னுள்ள தெருவைத் தம் முற்றமாகவே எண்ணி நாளாந்தம் கூட்டவேண்டும். கிழமைதோறும் ஞாயிறு காலையிலே ஒன்றரை மணி நேரம் சங்கத்தார் ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம், ஆண்டுக்கு ஒருநாளன்று. கஞ்சலும் ஓலையும் உரக்குழிக்குப் போகட்டும். போத்தலும் பிளாஸ்ரிக்கும் சாக்கிலே வேறாகக் கட்டப்பட்டு, பிரதேச சபை வாகனம் வரும் நாளிலே ஒப்படைக்கப்படட்டும். அந்நாளைக் குறித்துத் தரும்படி சபைக்கு இன்றே எழுதுவோம். பொலித்தீனைக் கொளுத்துவதை இன்றோடு விடுவோம். ஆளில்லாத வளவுகளின் உரித்தாளர் கொழும்பிலோ கனடாவிலோ இருப்பினும் எழுதிக் கேட்போம். துப்புரவு செய்ய வேண்டாம் என்று எவரும் சொல்லார். அன்னதானத்துக்கு வாழையிலை, தண்ணீர்ப் பந்தலுக்குக் கழுவி எடுக்கும் பேணி என்று கோயிற் சபையார் விதி செய்வார்களாக. ஆனி மாதத்திலே நயினாதீவு அம்பாளிடம் போகும் அடியார் நாமும், கொண்டுபோன போத்தலை வெறுமையாகத் திருப்பிக் கொண்டுவருவோம்.

சபையின் துப்புரவுத் தொழிலாளரின் வேலையைப் பறிப்பது எம் நோக்கமன்று. அவர்களுக்கு நல்ல கூலியும் கையுறையும் காலணியும் கிடைக்கவேண்டும் என்று கேட்பதும் நம் பணியிலே ஒரு பகுதி. அவர்கள் பாரத்தைக் குறைப்போம். அவர்களைப் பெயர் சொல்லி, மரியாதையோடு அழைப்போம். கத்தோலிக்க அயலவரையும் ஞாயிறு பூசை முடிந்தபின் எம்மோடு சேரும்படி அழைப்போம். தேரும் இத்தெருவாலே வரும், அவர்களுடைய திருச்சொரூபமும் இத்தெருவாலே வரும். தெரு ஒன்றுதான்.

பெரியோர்களே, உங்களிடம் நாம் பணம் கேட்கவில்லை. ஒரேயொரு காலை கேட்கின்றோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தச் சந்தை வாய்க்காலிலிருந்தே தொடங்கப் போகின்றோம். உங்கள் பிள்ளைகள் மண்வெட்டியோடு அதற்குள் இறங்குவார்கள். அப்பொழுது “அது எங்கட வேலையில்லை” என்று ஒருவரும் சொல்லாதிருந்தால் போதும். கரையிலே வந்து நின்றால் மகிழ்வோம். ஒருவரேனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினால், அன்று இவ்வூரிலே குப்பையைவிடப் பழைய அழுக்கு ஒன்று அகலும்.

அப்பர் சுவாமிகளின் கையிலே உள்ளதை இதுவரை கும்பிட்டோம். இனி அதனை நம் கையிலும் எடுப்போம்.