வெயிலுக்கு நடுவே ஒரு வசந்த விழா

இந்தப் பொழிச்சலூரின் அகத்தீசுவரர் கோயிலை வட திருநள்ளாறு என்பார்கள். சனிக்கிழமைகளில் எள் தீபம் ஏற்ற வருவோர் கூட்டம் உங்களுக்குத் தெரியும். சனீசுவரருக்குப் பெயர்பெற்ற ஊரில் வசந்தோற்சவக் கருத்தரங்கா என்று சிலர் கேட்டார்கள். பங்குனி பிறந்துவிட்டால் உச்சிப்பொழுதில் இங்கே பிராகாரக் கல்லில் கால் வைக்க முடியாது. அந்தச் சூட்டை விட்டுவிட்டு நம் வசந்த விழாவைப் பேச முடியாது என்பதே என் கட்சி.

வடக்கே குளிர் விலகும் பருவத்தில் ஹோலி வருகிறது. நமக்கு வழியனுப்பக் குளிர் ஏது? சித்திரையும் வைகாசியும்தான் நம் இளவேனில். அக்னி நட்சத்திரமும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. அதனால் இங்கே வசந்த வழிபாடு என்பது சுவாமியைக் குளிர்விக்கும் வழிபாடாகவே வளர்ந்திருக்கிறது. சிவலிங்கத்தின் மேல் தாரா பாத்திரம் கட்டி, வெட்டிவேரும் ஏலக்காயும் பச்சைக்கற்பூரமும் கலந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விழவிடுகிறார்கள். பானகமும் நீர்மோரும் நைவேத்தியமாகின்றன. வெயிலில் தவிக்கும் பிள்ளையைத் தாய் பார்த்துக்கொள்வது போன்ற பக்தி இது.

வசந்தத்தோடு காமனும் உடன் வருகிறான். திருவண்ணாமலையில் சித்திரை வசந்த உற்சவம் மன்மத தகனத்தோடு நிறைவடைகிறது. இலங்கை மலையகத் தோட்டங்களில் மாசியில் காமன் கூத்து நடக்கிறது. மயிலையின் பங்குனி உத்திரத்தைச் சம்பந்தரே பாடியிருப்பதால், அந்த விழாவுக்கு 7-ஆம் நூற்றாண்டுச் சான்றும் கையில் இருக்கிறது. இவற்றை அமர்வுகளில் விரிவாகக் கேட்கப்போகிறோம்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது தண்ணீரைப் பற்றி. காஞ்சிபுரத்தை அடுத்த அய்யங்கார்குளத்தில் நடவாவிக் கிணறு இருக்கிறது. தரைக்குக் கீழே படியிறங்கிப் போனால் தூண்கள் சூழ்ந்த மண்டபம், நடுவே கிணறு. ஆண்டு முழுவதும் அந்த மண்டபத்தில் தண்ணீர் நிற்கும். சித்திரா பௌர்ணமிக்கு முன்பு தண்ணீரை இறைத்து வெளியேற்றுகிறார்கள். பௌர்ணமியன்று இரவு வரதராஜப் பெருமாள் உள்ளே இறங்கி, கிணற்றை வலம் வந்து, பிறகு பாலாற்றுக்குப் புறப்படுகிறார். சித்திரைச் சூட்டில் அந்தப் படிகளில் இறங்கிப் பாருங்கள்; ஈரச் சுவரின் குளிர்ச்சி உடம்பில் படும். கோடையில் பெருமாளை எங்கே எழுந்தருளச் செய்வது என்று யோசித்துக் கட்டிய இடம் அது.

மதுரையில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென்றே 17-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய புதுமண்டபத்தைச் சுற்றிலும் தண்ணீர் தேக்க வழி செய்திருக்கிறார். தூண் சிற்பங்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். அந்த நீர்வழியை உரிய அளவு ஆராயவில்லை. தையற்கடைகளும் புத்தகக் கடைகளும் நெடுங்காலம் நிறைந்திருந்த மண்டபம் அது. கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. ஆய்வாளர்களுக்கு இது நல்ல நேரம்.

குளமும் நந்தவனமும் இல்லாமல் வசந்தோற்சவம் இல்லை. அடையாற்றங்கரையில் வீடுகள் நெருங்கிவிட்ட இந்தப் புறநகரில் இதை நான் கூடுதல் கவலையோடு சொல்கிறேன். கட்டுரையாளர்களே, ஆகமத்தையும் கல்வெட்டையும் படியுங்கள். அதோடு நில்லாமல் பூக்கட்டுவோர், பரிசாரகர்கள், ஸ்ரீபாதம் தாங்கிகள் ஆகியோரிடம் நேரில் கேளுங்கள். எந்தக் கிணற்று நீர், எந்தத் தோட்டத்துப் பூ, எந்த ஆண்டோடு எது நின்றது என்று எழுதி வையுங்கள். சிறு கோயில்களில் இதையெல்லாம் நினைவில் வைத்திருப்பவர்கள் முதியவர்கள். அடுத்த சித்திரைக்குள் அவர்களைப் போய்ப் பார்த்துவிடுங்கள்.