லண்டன் பனியும் சிங்கப்பூர் பலூனும்



2018ஆம் ஆண்டு பிப்ரவரிக் கடைசியில் பிரிட்டன் பனியில் உறைந்தது. ரயில்கள் நின்றன. பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்காட்லாந்து நெடுஞ்சாலையில் வாகனமோட்டிகள் இரவு முழுவதும் காருக்குள்ளேயே சிக்கிக் கிடந்தனர். வீடுகளைச் சூடாக்கும் எரிவாயு போதாமல் போகலாம் என்று மார்ச் 1ஆம் தேதி எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அங்கே பிள்ளைகளைப் படிக்க அனுப்பியிருந்த பெற்றோர் இங்கே தொலைபேசியும் கையுமாக இருந்திருப்பார்கள்.

‘கிழக்கிலிருந்து வந்த மிருகம்’ என்று பத்திரிகைகள் அந்தக் குளிருக்குப் பெயர் சூட்டின. ஆனால் கிழக்கிலிருந்து வந்தது என்பது பாதிக் கதைதான். மீதிக் கதை இரண்டு வாரங்களுக்கு முன்பே, தரையிலிருந்து 30 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கிவிட்டது.

குளிர்காலத்தில் வடதுருவத்தில் சூரியன் உதிப்பதில்லை. ஸ்ட்ரேட்டோஸ்பியர் எனப்படும் மேல் வளிமண்டலத்தில் வெப்பம் மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். தெற்கேயுள்ள காற்றோ அவ்வளவு குளிர்வதில்லை. இந்த வேறுபாட்டாலும் பூமியின் சுழற்சியாலும் துருவத்தைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசத் தொடங்குகிறது. இதுதான் துருவச் சுழல். இலையுதிர் காலத்தில் தோன்றி, வசந்தத்தில் வெயில் திரும்பியதும் கலைந்துவிடும். அமெரிக்காவில் குளிரடிக்கும்போதெல்லாம் செய்திகளில் இந்தப் பெயர் அடிபடுகிறது. அவற்றில் பல, விமானங்கள் பறக்கும் உயரத்துக் காற்றோட்டம் வளைந்து நெளிவதால் வருபவை. இரண்டும் வெவ்வேறு.

இந்தச் சுழல் சில ஆண்டுகளில் கோட்டைச் சுவர்போல் நிற்கும். சில ஆண்டுகளில் நடுக்குளிர்காலத்திலேயே உடைந்துபோகும். 1952ஆம் ஆண்டு பெர்லினில் ரிச்சர்டு ஷெர்ஹாக் என்ற வானிலை அறிஞர், பலூன்கள் அனுப்பிய அளவுகளைக் கொண்டு இதை முதலில் கண்டறிந்தார். குளிர்காலத்தின் நடுவே மேல்வானம் சில நாள்களில் திடீரென்று சூடேறியிருந்தது. ஏன் என்பதற்கு ஜப்பானிய அறிஞர் டாரோ மட்சுனோ 1971ல் விளக்கம் தந்தார்.

மலைத்தொடர்களில் மோதும் காற்றும், நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள அலைகளை எழுப்புகின்றன. இவை மேலே ஏறி, கடற்கரை அலைபோல் உடைந்து, சுழலுக்கு முட்டுக்கட்டை போடுகின்றன. காற்று தளர்ந்ததும் துருவத்தின் மேலுள்ள காற்று கீழே இறங்கி அழுத்தப்படுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாகிறதே, அதே கதைதான். சில இடங்களில் ஒரே வாரத்தில் 50 டிகிரிகூட ஏறும். தென்துருவம் கடல் சூழ்ந்தது என்பதால் அங்கே இந்த அலைகளுக்கு வலு குறைவு. எனவே அங்குள்ள சுழல் பெரிதாக உடைந்து இரண்டானது 2002 செப்டம்பரில் மட்டுமே. வடக்கிலோ பத்தாண்டுக்கு ஏறத்தாழ ஆறு முறை பெரிய அளவில் நிலைகுலைகிறது.

அலைகள் எந்தப் பக்கம் திரும்பும் என்பதில்தான் சிங்கப்பூர் வருகிறது. பூமத்திய ரேகைக்கு மேலே ஸ்ட்ரேட்டோஸ்பியரில் காற்று ஏறக்குறைய 28 மாதங்களுக்கு ஒரு சுற்று என்று கிழக்கும் மேற்குமாக மாறி மாறி வீசுகிறது. இந்தத் தாளத்தைக் கணக்கிட 1953 முதல் பசிபிக்கில் கான்டன் தீவிலும், பிறகு மாலத்தீவிலும் எடுத்த அளவுகள் பயன்பட்டன. 1976 முதல் உலக ஆய்வாளர்கள் அதிகம் நம்பியிருப்பது சிங்கப்பூரிலிருந்து பறக்கவிடப்படும் பலூன்களை. தீவுவாசிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஹோல்டன், டான் என்ற இரு ஆய்வாளர்கள் 1980ல் இதைத் துருவத்தோடு இணைத்தனர். அந்த அலைகளால் கிழக்குக் காற்றுக்குள் நுழைய முடியாது. பூமத்திய ரேகையின் மேல் கிழக்குக் காற்று வீசும்போது தெற்கு வாசல் அடைபட, அலைகள் துருவத்தின் பக்கம் திரும்பிச் சுழலைத் தாக்குகின்றன. 2018 குளிர்காலத்தில் வீசியது கிழக்குக் காற்றுதான். பிப்ரவரி 12ஆம் தேதி வாக்கில் சுழல் இரண்டாகப் பிளந்தது. அதன் விளைவு படிப்படியாகக் கீழே இறங்கியது. வழக்கமான மேற்குக் காற்று தளர்ந்து, சைபீரியக் குளிர் ஐரோப்பாவுக்குள் புகுந்தது.

இந்த இடைவெளி மதிப்புமிக்கது. சாதாரண முன்னறிவிப்பு பத்து நாள்களைத் தாண்டினால் தடுமாறும். சுழல் உடைந்தது தெரிந்தாலோ அடுத்த சில வாரங்களில் குளிருக்கு வாய்ப்பு கூடியிருக்கிறது என்று மின்நிலையங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் முன்கூட்டியே சொல்லலாம். வாய்ப்புதான், உறுதியல்ல. உடைந்தும் தரையில் ஒன்றும் நடக்காத ஆண்டுகள் உண்டு. எல் நினோவும் தன் பங்குக்குச் சுழலைத் தளரச் செய்வதால் கணக்கு மேலும் சிக்கலாகிறது.

சுழல் வலுத்தாலும் தொல்லை இல்லாமல் இல்லை. 2019-20 குளிர்காலத்தில் அது அசையாமல் நின்றது. பிரிட்டனில் வரலாறு காணாத பிப்ரவரி மழை பெய்தது. மார்ச்சில் வடதுருவத்துக்கு மேலே ஓசோன் படலம் வழக்கத்துக்கு மாறாக மெலிந்தது.

பூமத்திய ரேகைத் தாளமும் இப்போது தவறத் தொடங்கியிருக்கிறது. 2016 தொடக்கத்தில் மேற்குக் காற்றின் நடுவே கிழக்குக் காற்று புகுந்தது. 1953லிருந்து உள்ள பதிவுகளில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. 2019-20ல் மீண்டும் அதே குழப்பம். இரண்டு முறையும் அதைப் பதிவு செய்தவற்றில் சிங்கப்பூர் பலூன்களும் அடங்கும்.