குறுஞ்செய்தியும் குழூஉக்குறியும்

(ஆலயச் சமய வகுப்பின் பெற்றோர் தினத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சமய வகுப்பு மேடையில் கைப்பேசியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். முன்பு ஆலயச் செய்தி அறிவிப்புப் பலகையில் இருந்தது. இன்று புலனக் குழுவில் வருகிறது. அன்னதானத்திற்கு அரிசி வந்துவிட்டதா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்கிறார். "ஓ.டி.டபிள்யூ." என்று ஓர் இளைஞரிடமிருந்து பதில் வருகிறது. அது லாரியின் எண்ணாக இருக்குமோ என்று பெரியவர் யோசிக்கிறார். 'ஆன் த வே', அதாவது வழியில் வந்துகொண்டிருக்கிறது என்பதுதான் பொருள். அரிசி வந்து இறங்கிவிட்டது. "பெரியவரிடம் முழுச் சொல்லாக எழுதக்கூடாதா?" என்ற மனக்குறை மட்டும் இறங்கவில்லை. இத்தகைய மனக்குறைகள் இன்று நம் இல்லங்களிலும் இருக்கின்றன. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

இந்தச் சுருக்கெழுத்து எப்படி வந்தது? உலகின் முதல் குறுஞ்செய்தி 1992-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் பிரிட்டனில் அனுப்பப்பட்டது. கிறிஸ்மஸ் வாழ்த்துதான் அந்தச் செய்தி. ஒரு செய்திக்கு ஆங்கில எழுத்துகள் 160 மட்டுமே என்பது வரம்பு. தமிழில் எழுதினால் அது 70 குறிகளாகக் குறைந்துவிடும். 'கோ' என்ற ஓர் எழுத்தே இரண்டு குறிகளை எடுத்துக்கொள்ளும். அன்றைய கைப்பேசியில் 'எஸ்' என்ற எழுத்தைப் பெற 7-ஆம் எண் பொத்தானை நான்கு முறை அழுத்த வேண்டும். இடம் குறைவு, விரலுக்கு வேலை அதிகம். 'சீ யூ' என்பது 'சி', 'யூ' என்ற இரண்டே எழுத்தானதில் வியப்பில்லை. இன்று அந்த வரம்பு பெரும்பாலும் இல்லை, பழக்கம் நிலைத்துவிட்டது.

சுருக்கி எழுதுவது இளைஞர்கள் கண்டுபிடித்த குற்றமும் அன்று. நம் முன்னோர் கணக்கேடுகளைப் பாருங்கள். நாளுக்கு ௳, மாதத்திற்கு ௴, வருடத்திற்கு ௵, மேற்படிக்கு ௸ என்று குறியிட்டுத்தான் எழுதினார்கள். மலாய் மொழியிலும் 1972-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன், இரட்டிக்கும் சொல்லை ஒருமுறை எழுதி அருகில் 2 என்று போடுவது வழக்கம். இன்றைய பிள்ளைகள் 'புடாக்2' என்று எழுதும்போது தாத்தாவின் வழக்கத்தைத்தான் பின்பற்றுகிறார்கள்! கூட்டக் குறிப்பில் நாம் போடும் 'கே.ஐ.வி.' இளைஞர்களுக்குப் புரிகிறதா? பிறகு கவனிப்போம் என்று ஒத்திவைப்பதை நாம் அப்படிச் சொல்கிறோம். 'எஸ்.ஆர்.பி.' தேர்வு என்றால் பேரப்பிள்ளை விழிப்பான். ஆகவே இருபக்கமும் புதிர் உண்டு.

தமிழாசிரியராக இருந்தவன் என்பதால் இலக்கணம் சற்றே சொல்ல அனுமதியுங்கள். பவணந்தி முனிவர் நன்னூலில் தகுதி வழக்கை மூன்றாகப் பிரித்தார். குழூஉக்குறி, இடக்கரடக்கல், மங்கலம் என்பன அவை. கைப்பேசியில் வரும் எழுத்துகளைப் புரிந்துகொள்ள இந்த மூன்றும் போதும்.

முதலாவது குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் சொல் இது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று வகுப்பில் படித்தோம். 'ஐ.டி.கே.' என்றால் எனக்குத் தெரியாது. 'பி.ஆர்.பி.' என்றால் இதோ வந்துவிடுகிறேன். 'என்.வி.எம்.' என்றால் பரவாயில்லை, விடுங்கள். மலாயில் 'எக்ஸ்' என்ற ஓரெழுத்து 'தாக்', அதாவது இல்லை. 'எல்.ஓ.எல்.' என்றால் வாய்விட்டுச் சிரிக்கிறேன். இளைஞர்கள் சிரிக்காமலே பேச்சை இலேசாக்கவும் அதைப் போடுவார்கள். நிறைந்த அன்பு என்று பொருள் கொண்டு இரங்கல் செய்தியின் கீழ் அதை இட்டுவிட்டால் துக்க வீட்டார் மனம் என்ன பாடுபடும்? எழுத்தோடு நிற்காமல் தொனியும் குழுவுக்குக் குழு மாறும். 'கே' என்று ஒற்றை எழுத்தில் பதில் போட்டால் கோபம் என்றும், 'கேகே' என்றால் இணக்கம் என்றும் இளைஞர் கொள்கிறார்கள். நாம் முறையாக வைக்கும் முற்றுப்புள்ளியைக்கூடச் சிலர் சினமாகப் படிக்கிறார்கள்.

இரண்டாவது இடக்கரடக்கல். சபையில் சொல்லத் தகாததை நயமாக மறைத்துச் சொல்வது. ஆனால் இன்றைய சில குறுக்கங்கள் மறைப்பது போல மறைத்து வசையை அப்படியே காட்டுகின்றன. 'டபிள்யூ.டி.எஃப்.' அத்தகையது. வியப்புக்குரிய சொல் என்று எண்ணித் தாய்மார்கள் எடுத்தாள வேண்டாம். இளைஞர்களும் ஆலயக் குழுவில் அதை விலக்க வேண்டும்.

மூன்றாவது மங்கலம். இறந்தார் என்பதை 'இறைவனடி சேர்ந்தார்' என்று சொல்வது நம் மரபு. அவ்விடத்தில் 'ஆர்.ஐ.பி.' என்று மூன்று எழுத்தைத் தட்டிவிட்டுப் போவது துக்கத்தையும் அவசரத்தில் முடிப்பதாகும். முழுமையாக ஒரு வரி எழுத அரை நிமிடம் போதும்.

இனிச் சொல்லப்போவதைப் பெற்றோர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். 'கே.எம்.எஸ்.' என்று பிள்ளைகள் எழுதுவதுண்டு. 'என்னை மாய்த்துக்கொள்வேன்' என்பது அதன் பொருள். பள்ளிப் பாடம் அதிகம் என்பதற்கே அதை விளையாட்டாக எழுதுவோர் உண்டு. ஆனால் விளையாட்டா, வினையா என்பதை அந்த மூன்று எழுத்து சொல்லாது. பிள்ளையின் முகமும் குரலுமே சொல்லும். கண்டால் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். அருகில் உட்கார்ந்து, "அப்படி ஓர் எண்ணம் இருக்கிறதா ஐயா? இருக்கிறதா அம்மா?" என்று அன்பாக, நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று அஞ்ச வேண்டாம். கேட்கவே மனநல வல்லுநர்கள் சொல்கிறார்கள். உண்மை என்று பட்டால் மருத்துவரை நாடுங்கள். கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் செவிசாய்க்கிறது. பொருள் தெரியாமல் நாம் கடந்து போகும் ஒரு குறுக்கம், ஒரு பிள்ளையின் கூப்பிடு குரலாகவும் இருக்கலாம்.

ஆகவே, பெரியவர்களே, தெரியாத எழுத்தைக் கண்டால் ஊகிக்காதீர்கள், ஏசவும் வேண்டாம். பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு, "இது என்ன கண்ணு?" என்று கேளுங்கள். கற்பிப்பதில் பிள்ளைகளுக்கு ஒரு பெருமை உண்டு. அப்படித் தொடங்கும் பேச்சு எழுத்தோடு நிற்காது.

இளந்தொண்டர்களே, உங்கள் நண்பர்களுக்குள் எப்படியும் எழுதுங்கள். மரணம், நோய், பணம், பூஜை நேரம் ஆகிய நான்கை மட்டும் எல்லாருக்கும் புரியும்படி முழுச் சொல்லில் எழுதுங்கள். நன்கொடை தந்தவருக்கு 'டி.கியூ.' வேண்டாம், 'நன்றி ஐயா', 'நன்றி அம்மா' என்று எழுதுங்கள். உழைத்த பணத்தைக் கோயிலுக்குக் கொடுத்தவருக்கு இரண்டு சொல்லை முழுதாய்க் கொடுப்பது நம் கடமை.

எழுத்து சுருங்கலாம், மனம் சுருங்கலாகாது.  எல்லார் இல்லத்திலும் இறையருள் நிறைக!