பொழுதும் மணியும்: பேச்சு வழக்கில் நேரம்



தமிழர் நேரத்தை இரண்டு அளவைகளால் சொல்லி வருகின்றனர். ஒன்று பொழுது, மற்றொன்று மணி. ‘பொழுது சாய்ந்தது’ என்னும்போது சாய்வது கதிரவன். ‘மணி என்ன?’ என்னும்போது வினவப்படுவது ஒருவர் அடிக்க மற்றவர் கேட்ட ஓசை. முன்னது கண்ணால் அறிவது. பின்னது காதால் அறிந்தது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதே இவ்வுரையின் கருத்து.

மரக்காணத்து உப்பளக் கரை இதற்கு நல்ல சான்று. வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்க வேண்டிய தொழில் அது. அத்தகைய உழைப்பாளருக்கு நாள் தொடங்குவது எண்ணில் அன்று; ‘வெள்ளி முளைக்க’, ‘கோழி கூவ’, ‘கருக்கலில்’ என்னும் சொற்களில். வெள்ளிக்கோள் மாலை வானுக்குப் பெயர்ந்து கீழ்த்திசையில் தோன்றாத மாதங்களும் உண்டு. அப்போதும் ‘வெள்ளி முளைக்கும் நேரம்’ என்ற வழக்கு மாறுவதில்லை. மீன் மறைந்தாலும் சொல் மறையாது வேளையின் பெயராகவே நின்றுவிட்டது. பகலில் ‘பொழுது ஒரு பனை உயரம்’ என்பர். மாலையில் ‘விளக்கு வைக்கும் நேரம்’ என்பர். இரவில் ‘ஊர் அடங்கிய பிறகு’ என்பர். ஒவ்வொன்றும் நேரத்தைச் சொல்வதோடு, அந்நேரத்தில் உலகம் என்ன செய்கிறது என்பதையும் சொல்கிறது. நெய்தலுக்கு எற்பாட்டைச் சிறுபொழுதாக வகுத்த தொல்காப்பியமும் நிலத்தையும் நேரத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை.

பொழுதுக்குக் கணக்கு இல்லை என்று கருதிவிடலாகாது. நாழிகை 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி. அறுபது நாழிகை ஒரு நாள். இரவுக்கு மூன்று மணி அளவுள்ள நான்கு சாமங்கள். உதயம் தொட்டு எண்ணுவது நாழிகைக் கணக்கு. ஆதலால் ‘பத்து நாழிகை’ என்றால் ஏறத்தாழக் காலை பத்து மணியாகும். கிழக்கு ஆப்பிரிக்கச் சுவாகிலி மொழியினர் இன்றும் காலை ஏழு மணியை ‘ஒரு மணி’ என்றே சொல்கின்றனர். விடியலை முதலாகக் கொள்வது ஒரு நாட்டின் பழக்கம் மட்டுமன்று.

இனி மணியைக் காண்போம். கால், அரை, முக்கால் என்று படியையும் நிலத்தையும் அளந்த பின்னங்களே மணிக்கும் வந்தன. ஆங்கிலத்தார் பதினொன்றுக்குக் கால் மணி குறைகிறது என்பர். ஜெர்மானியர் பத்தரையைப் ‘பாதிப் பதினொன்று’ என்பர். தமிழர் ‘பத்தே முக்கால்’ என்பர். அவர்கள் வரப்போவதை நோக்கி எண்ண, தமிழர் கழிந்ததன்மேல் கூட்டி எண்ணுகின்றனர். ஆயினும் ‘வாக்கில்’, ‘போல’, ‘சுமாருக்கு’ என்னும் ஒட்டுகள் மணியின் கண்டிப்பைத் தளர்த்துகின்றன. ‘பத்து மணி வாக்கில் வாங்க’ என்பது சோம்பலன்று. வருபவருக்கு விடும் இடம்.

மணி எல்லோருக்கும் இனியதாக இருந்ததில்லை. அண்டைப் புதுச்சேரியில் ஆலைத் தொழிலாளர் வேலை நேரத்தைக் குறைக்கப் போராடினர். 1936 ஜூலை 30 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிருவர் உயிர் துறந்தனர். அதன்பின்னரே எட்டு மணி நேர வேலை அங்குச் சட்டமாயிற்று. பொழுது புலர்ந்து பொழுது சாயும் வரை என்பது அழகிய தொடர். கூலியாளுக்கு அது எல்லையற்ற வேலையின் பெயராகவும் இருந்தது. அந்த எல்லையை வகுத்தது மணி. எனவே மணியைப் பழித்துப் பொழுதைப் போற்றுவது நேர்மையாகாது.

இரு அளவைகளும் மோதும் இடம் நள்ளிரவு. மக்கள் பேச்சில் திங்கள் இரவு, செவ்வாய் விடியும் வரை திங்கள் இரவே. பஞ்சாங்கமும் நாளை உதயத்திலிருந்தே கணக்கிடும். கடிகாரத்திலோ பன்னிரண்டு கடந்தால் செவ்வாய். பயணச் சீட்டில் 15ஆம் தேதி 0.30 என்றிருக்க, 15ஆம் தேதி இரவு உணவுண்டு நிலையத்துக்குச் செல்பவர், வண்டி முந்தைய இரவே போய்விட்டதை அறிகிறார். அவர் எண்ணத் தெரியாதவரல்லர். வேறு நாளை எண்ணியவர். ‘திங்கள் இரவு, செவ்வாய் பிறந்தபின்’ என்று ஒரு தொடர் கூட்டிச் சொன்னால் அவ்விடர் நீங்கும்.

உச்சிப்பொழுதும் பன்னிரண்டு மணியும்கூட ஒன்றல்ல. இந்தியப் பொது நேரம் 82½ பாகைக் கீழ்த்திசைக் கோட்டைக் கொண்டது. மரக்காணக் கரை அதற்கு மேற்கே சுமார் 80 பாகையில் இருப்பதால், அங்குக் கதிரவன் உச்சியை அடைவது சராசரியாகப் பன்னிரண்டு கழிந்து பத்து நிமிடத்தில். தன் நிழலைப் பார்த்து ‘இன்னும் உச்சி ஆகவில்லை’ என்று ஒரு உப்பளத் தொழிலாளி சொன்னால், பிழை அவரிடம் இல்லை.

கவிஞர்கள் கருத வேண்டியது இதுவே. கூலியையும் பயணத்தையும் காக்க மணி வேண்டும். வேளையின் உருவைக் காக்கப் பொழுது வேண்டும். கைக்கடிகாரமும் கைப்பேசியும் எண்ணைத் தாமே தருகின்றன. கருக்கல், நடுச்சாமம், விளக்கு வைக்கும் நேரம் ஆகியவற்றை எந்தக் கருவியும் காட்டுவதில்லை. பேசுவோர் வாயில் இருக்கும் வரையில்தான் அவை இருக்கும். அச்சொற்களைப் பழமையின் அணியாகக் கவிதையில் தொங்கவிடாமல், அவற்றுக்குரிய வேலையோடும் நிலத்தோடும் வழங்குவதே அவற்றைக் காக்கும் வழி.